இடுப்பு வலி என்று இருந்துவிடாதீர்கள்



போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் அம்மாள் டிஸ்பென்சரிக்கு வந்தார். உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, வயது ஐம்பதை ஒட்டி. “ஐயா, இடுப்பு புடிச்சிக்கிச்சு, ஊசி ஒண்ணு போட்டு விடுங்க” என்றார். செம்பனைக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவருக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வலி மாத்திரையும் தைலமும் கொடுத்து, ஒரு நாள் எம்.சி. எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால் காய்ச்சல் 39.6 டிகிரி. பல் கிட்டிப் போகிற மாதிரி குளிர் நடுக்கம். வாந்தி. பேச்சில் ஒரு தடுமாற்றம் வேறு. வலது பக்கம், விலா முடிகிற இடத்தில், முதுகில் லேசாகத் தட்டினேன். “ஐயோ சாமி” என்று அலறிவிட்டார். அது இடுப்புப் பிடிப்பே அல்ல. சிறுநீரகத்தில் கிருமி பிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் நாளே நான் கண்டுபிடித்திருக்க வேண்டிய வியாதி. “ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் இருக்காம்மா? ராத்திரியில குளிர் நடுக்கம் வந்துச்சா?” என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. ஒரு சின்னப் புட்டியில் சிறுநீர் வாங்கிப் பார்க்கவும் இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அது லேசில் நடக்கவில்லை. முதலில் போட்ட ஊசி மருந்துக்கு அந்தக் கிருமி அசையவே இல்லை. அது ஏன், அப்புறம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (நம்ம பழைய பத்தாங் பெர்ஜுந்தை), தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இது நம் லயத்துக்குள்ளேயே இருக்கிற விஷயம்.

முதலில் சிறுநீரகத்துக்குக் கிருமி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பத்துப் பேருக்கு இந்த நோய் வந்தால் ஏழெட்டுப் பேருக்குக் காரணம் ஒரே கிருமிதான். அதன் பெயர் ஈ. கோலை. இது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல, நம் எல்லாருடைய குடலிலும் குடியிருக்கிற கிருமி. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. மலம் போகும் வழியிலிருந்து சிறுநீர் போகும் வழிக்கு ஏறினால்தான் வம்பு. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதனால்தான் இந்த வியாதி பெண்களை அதிகம் பிடிக்கிறது. இதில் வெட்கப்படவோ, நடத்தையைச் சந்தேகப்படவோ ஒன்றுமில்லை. மாமியார்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கிருமி சிறுநீர்ப் பைக்குள் வந்துவிட்டால் எரிச்சல் வரும், அடிக்கடி போகத் தோன்றும், அடிவயிறு வலிக்கும். போனால் நாலு சொட்டுத்தான் வரும். இந்த நிலையில் காய்ச்சல் இருக்காது. அங்கேயே நிற்காமல் மேலே ஏறி சிறுநீரகத்தைத் தொட்டால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக முதுகு வலி, குமட்டல், வாந்தி எல்லாம் வரும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவதுதான் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

வேலை வலிக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்பீர்கள். வேலையால் வந்த இடுப்பு வலி குனிந்தால், திரும்பினால் கூடும், படுத்தால் குறையும். சிறுநீரக வலி எப்படிப் படுத்தாலும் விடாது. அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இன்னொரு சங்கடம் உண்டு. நம் பக்கத்தில் குளிர் காய்ச்சல் என்றால் டிங்கியும் இருக்கிறது, எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோஸ்பைரோசிசும் இருக்கிறது. எலிக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த லெப்டோ காய்ச்சலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே காய்ச்சலோடு முதுகு வலி என்றால் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. ரத்தமும் சிறுநீரும் சோதித்தே ஆக வேண்டும்.

நம் வேலையும் இந்தக் கிருமிக்குத் துணை போகிறது. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிற பெண் வேலை முடிந்து வீடு திரும்பும் வரை காட்டில்தான் இருக்கிறாள். கழிப்பறை கிடையாது. மண்டோரிடம் சொல்ல வெட்கம். அதனால் என்ன செய்கிறாள்? தண்ணீரே குடிப்பதில்லை. “குடிச்சா போகணுமே” என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! வெயிலில் வியர்த்துக் கொட்டுகிற உடம்பில் தண்ணீர் இல்லாமல் சிறுநீர் கெட்டியாகிறது. பைக்குள் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. தேங்கிய சிறுநீரில் ஈ. கோலை வசதியாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஏழு மணி நேரத்தில் எவ்வளவு ஆகும் என்று பள்ளிக்கூடம் போகிற உங்கள் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபது லட்சத்தைத் தாண்டும். அடிக்கடி சிறுநீர் கழித்தால் இவை வெளியே அடித்துக்கொண்டு போகப்படும். தண்ணீர் குறைந்தால் கல்லும் உண்டாகும். கல் அடைத்த சிறுநீரகத்தில் கிருமியும் சேர்ந்தால் மருந்து மட்டும் போதாது, குழாய் வைத்து உடனே சீழை வடிய விட வேண்டும். அது அவசர சிகிச்சை.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து. நான் சொன்ன அம்மாளுக்கும் இனிப்பு நீர் இருந்தது. கர்ப்பிணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிக்கு எரிச்சல் எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி மேலே ஏறி, குறை மாதத்தில் பிரசவம் ஆகிவிடக் கூடும். கிளினிக்கில் சிறுநீர் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த அம்மாளின் கதைக்கு வருவோம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் முதலில் சிறுநீரும் ரத்தமும் எடுத்து ‘கல்ச்சர்’ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு செஃப்ட்ரையாக்சோன் என்ற ஊசி மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். இது சரியான முறைதான். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை சும்மா இருந்தால் ஆள் போய்விடும். ஆகவே பெரும்பாலான கிருமிகளுக்குக் கேட்கிற ஒரு நல்ல மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் பொருத்தமானதை மாற்றுவார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்தும் அவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஈ. கோலைதான், ஆனால் இ.எஸ்.பி.எல். வகை.

கல்ச்சர் என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. சிறுநீரில் உள்ள கிருமியை அகர் என்னும் பாசிக்கூழ் ஊற்றிய தட்டில் தடவி வளர்ப்பார்கள். அதன்மேல் ஒவ்வொரு மருந்தும் ஊறிய சின்னச் சின்ன காகித வட்டங்களை வைப்பார்கள். கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். கேட்காத மருந்தின் காலடி வரை கிருமி பாசி மாதிரி படர்ந்திருக்கும். வட்டத்தை அளந்து பார்த்து, ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ‘எஸ்’ என்றோ ‘ஆர்’ என்றோ எழுதுவார்கள். எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது. அந்த அம்மாளின் தாளில் ஆம்பிசிலின், செஃபுரோக்சிம், செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளோக்சசின் எல்லாவற்றுக்கும் நேரே வரிசையாக ஆர், ஆர், ஆர்.

இது எப்படி நடக்கிறது? பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. கிருமியின் மேல்தோட்டைக் கட்ட விடாமல் தடுப்பது அந்த வளையம்தான். சில கிருமிகள் அந்த வளையத்தையே வெட்டிப் போடும் ஒரு கத்தரிக்கோலைச் செய்து வைத்திருக்கின்றன. பழைய கத்தரிக்கோல் பெனிசிலினை மட்டும் வெட்டியது. மருத்துவர்கள் அதை ஏய்க்கப் புதிய மருந்துகளைக் கொண்டு வந்தார்கள். கிருமி கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டது. செஃப்ட்ரையாக்சோன் வகையையும் வெட்டும் கத்தரிக்கோல்தான் இ.எஸ்.பி.எல். இதை முதலில் ஜெர்மனியில் 1983-இல் கண்டார்கள். இன்னொரு கெட்ட விஷயம் உண்டு. இந்தக் கத்தரிக்கோலைச் செய்யும் குறிப்பை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். சாதி பார்ப்பதில்லை, இனம் பார்ப்பதில்லை. ஈ. கோலை கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும், அது வேறொன்றுக்குக் கொடுக்கும்.

பலர் நினைப்பது போல, “என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு” என்பது சரியல்ல. பழகுவது உடம்பு அல்ல, கிருமிதான். மருந்தே சாப்பிடாத குழந்தைக்கும் பழகிய கிருமி தொற்றலாம்.

இந்தக் கிருமிகளுக்குக் கடைசிப் பூட்டாக வைத்திருந்தது கார்பபெனம் என்ற மருந்து வகை. மெரோபெனம், எர்டாபெனம், இமிபெனம் எல்லாம் அந்தக் குடும்பம். இ.எஸ்.பி.எல். கத்தரிக்கோலால் இவற்றை வெட்ட முடியாது. அந்தப் பூட்டும் உடைந்த கதையில் நம் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. சுவீடனில் வாழ்ந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 59 வயது ஆண் ஒருவர் இந்தியா போயிருந்தபோது டெல்லியில் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. சுவீடன் திரும்பிய பிறகு, 2008-இல், அவருடைய சிறுநீரில் ஒரு கிருமி கிடைத்தது. கார்பபெனத்தையும் வெட்டுகிற புதிய கத்தரிக்கோல் அதனிடம் இருந்தது. அதற்கு ‘நியூ டெல்லி’ என்ற ஊர்ப் பெயரையே சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘லான்செட்’ குழும ஏடு ஒன்றில் எழுதிய கட்டுரையில், சென்னையில் மட்டும் இத்தகைய கிருமி 44 மாதிரிகளில் கிடைத்ததாகச் சொன்னார். ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. ஊர்ப் பெயரை வைத்தது இந்திய அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை, பெரிய சர்ச்சை ஆயிற்று. பெயர் கிடக்கட்டும். 2011-இல் வந்த இன்னோர் ஆய்வு டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-இலும், தெருவில் தேங்கிய தண்ணீர் 171 மாதிரிகளில் 51-இலும் இந்தக் கத்தரிக்கோல் குறிப்பைக் கண்டது. ஆஸ்பத்திரி வியாதி என்று நினைத்தது சாக்கடைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, 2012 ஆகஸ்டில், இந்திய மருத்துவ சங்கங்கள் பல சென்னையில் கூடி ஆண்டிபயாட்டிக் மருந்துகளைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. ‘சென்னை பிரகடனம்’ என்று அதற்குப் பெயர். 2014 மார்ச்சில் பல உயர்ரக மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. நம் மலேசியாவில் 1952-ஆம் வருட விஷப் பொருள் சட்டப்படி ஆண்டிபயாட்டிக் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் யாராவது ஊரிலிருந்து வரும்போது பையில் ஒரு அட்டை மாத்திரை வந்துவிடுகிறதே!

ஊருக்குப் போய் வருகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்து நாட்டார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியா முதலான தென்னாசிய நாடுகளுக்குப் போய் வந்த பயணிகளில் நூற்றுக்கு 75 பேர் குடலில் இ.எஸ்.பி.எல். கிருமியை ஏந்தி வந்தார்கள். அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்களிடம் சில மாதங்களில் கிருமி தானாகவே போய்விட்டது. ஆனால் கோயில் குளம் போய் வந்த சில மாதத்துக்குள் சிறுநீர்க் காய்ச்சல் வந்தால், “நான் இந்தியா போயிருந்தேன்” என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையால் மருந்து மாறும், உயிரும் பிழைக்கலாம்.

இனி சிகிச்சை. அந்த அம்மாளுக்கு மருந்தை மாற்றி எர்டாபெனம் ஏற்றினார்கள். அது ஒரு நாளைக்கு ஒரு வேளை. மெரோபெனம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மாற்றிய இரண்டாம் நாளே நடுக்கம் நின்றது. மொத்தம் பத்து நாள் ஊசி. “கொஞ்சம் லேசான மருந்தா கொடுத்துப் பாக்கக் கூடாதா?” என்று மகன் என்னிடம் கேட்டான். அதைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் பார்த்தார்கள். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா உட்பட 9 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. செஃப்ட்ரையாக்சோன் கேட்காத கிருமி ரத்தத்தில் கலந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெரோபெனமும், மறு பாதிக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற மருந்தும் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர் வழியில்தான் நோய் தொடங்கியிருந்தது. 30 நாளுக்குள் மெரோபெனம் பெற்ற 191 பேரில் 7 பேர் இறந்தார்கள். மற்ற மருந்து பெற்ற 187 பேரில் 23 பேர் இறந்தார்கள். இரண்டாவது மருந்தும் சோதனைக் கூடத்துத் தட்டில் கேட்டதுதான், ஆனால் மனித உடம்பில் போதவில்லை.

அதற்காக இ.எஸ்.பி.எல். என்றாலே எல்லாருக்கும் கார்பபெனம்தான் என்று நினைக்க வேண்டாம். தாளில் சிப்ரோஃப்ளோக்சசினுக்கோ கோ-டிரைமாக்சசோலுக்கோ ‘எஸ்’ இருந்தால், ஆள் தேறிய பிறகு மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும் பலருக்குக் கேட்கும். ஆனால் அவை சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக் கூடியவை, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சிப்ரோவைப் பற்றி பழம் வெட்டுகிற தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த மருந்து சிலருக்குக் குதிகால் தசைநாரைப் பலவீனப்படுத்தி அறுத்தே விடும். மாத்திரை சாப்பிடும்போது குதிகாலில் வலி கண்டால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள், அரிவாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள்.

நைட்ரோஃபுரான்டோயின், ஃபோஸ்ஃபோமைசின் என்று இரண்டு பழைய மருந்துகள் இருக்கின்றன. இ.எஸ்.பி.எல். கிருமிக்கும் இவை பெரும்பாலும் கேட்கின்றன. இவை வாயால் சாப்பிடும் மருந்துகள். விலையும் குறைவு, அதுவும் நைட்ரோஃபுரான்டோயின். ஆனால் இங்கேதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போவது. இந்த மருந்துகள் சிறுநீரில் சேர்ந்து பையைச் சுத்தம் செய்யும், சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு போகாது. பையில் மட்டும் கிருமி என்றால் நல்ல மருந்து. காய்ச்சலும் முதுகு வலியும் வந்துவிட்டால் இது போதாது. “போன தடவை இதே மாத்திரைதானே கேட்டுச்சு” என்று காய்ச்சலோடு வீட்டில் இருந்து சாப்பிடுவதால் நாள்தான் போகும். நாள் போனால் சிறுநீரகம் போகும்.

என்.டி.எம். வகை வந்தால் என்ன? கார்பபெனமும் தனியாகக் கேட்காது. 1950-களில் வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரம் கட்டிய கொலிஸ்டின் என்ற மருந்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சிறுநீரக நோய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து! இப்போது செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தோடு அஸ்ட்ரியோனாம் சேர்த்துக் கொடுப்பது, செஃபிடெரோகால் என்று சில புதிய வழிகள் வந்திருக்கின்றன. விலையைக் கேட்டால் நமக்குக் காய்ச்சல் வரும். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நம் நாடு 2019 ஜனவரி முதல் தடை செய்தது, நல்ல காரியம். கோழியை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்காதீர்கள்.

மருந்து நாள் கணக்குக்கு வருவோம். பையில் மட்டும் கிருமி என்றால் மூன்று முதல் ஐந்து நாள் பல மருந்துகளுக்குப் போதும். சிறுநீரகம் என்றால் பொதுவாக 7 முதல் 14 நாள். சரியான எண்ணிக்கையை டாக்டர் சொல்வார். அவர் சொன்னதற்குக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். நடுவில் நிறுத்தி மீதியை டப்பாவில் போட்டு வைப்பதுதான் நம் லயங்களில் பெரிய வியாதி. அந்த அம்மாள் கடைசியில் என்னிடம் உண்மையைச் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை எரிச்சல் வந்திருக்கிறது. மூன்று தடவையும் பக்கத்து வீட்டு அக்காவின் மீதிக் காப்ஸ்யூல், ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தடவையும் பலவீனமான கிருமி செத்தது, வலுத்தது மிஞ்சியது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, அரைகுறை அளவில் மருந்து சாப்பிட்டால் கிருமி பழகிவிடும், அது வீட்டில் உள்ளவருக்கும் பரவும் என்று எச்சரித்தார். எண்பது வருடம் ஆகிறது. உலக அளவில் 2019-ஆம் வருடம் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர் காரணமாக ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

அக்காவைக் குறை சொல்லவில்லை. பாசத்தில் கொடுத்தார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான், ஆனால் பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் யார் கொடுப்பது? இந்தோனேசிய, வங்காளதேச தோழர்களுக்குக் கட்டணமே பல மடங்கு. அவர்களும் நம்மோடு அதே காட்டில் அதே வெயிலில் நிற்கிறார்கள், கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. காட்டில் பெண்களுக்கு நடமாடும் கழிப்பறை, குடிதண்ணீர், எட்டு மணிக்கு ஒரு பத்து நிமிட இடைவேளை இவற்றைக் கிளைச் செயலாளர்கள் நிர்வாகத்திடம் பேசும்போது, ‘பெண்கள் பிரச்சினை’ என்று கடைசியில் வைக்காமல், ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கோடு முதலில் வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு வாரம் கார்பபெனம் ஏற்றுகிற செலவுக்கு எத்தனை கழிப்பறை கட்டலாம் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேவையில்லாத இடத்தில் ஆண்டிபயாட்டிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் வருகிறது, வேறு தொந்தரவு ஒன்றுமில்லை என்றால் மருந்து வேண்டாம், தண்ணீர் குடித்தால் போதும். வயதானவர்களுக்கும், மூத்திரக் குழாய் போட்டவர்களுக்கும் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். நோய்க்குறி இல்லாமல் அதைத் துரத்தினால் பழகிய கிருமிதான் மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. டாக்டர் “ஆண்டிபயாட்டிக் வேணாம்” என்றால், “ஊசி கூட போடல, என்ன டாக்டரு” என்று திட்டிக்கொண்டு வராதீர்கள்.

வலி மாத்திரையைப் பற்றியும் என் தவற்றோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொன்ஸ்தான், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், தண்ணீர் வற்றிய உடம்பில், கிருமி பிடித்த சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. நான் முதல் நாள் கொடுத்ததும் அந்த வகைதான். காய்ச்சலுக்கும் வலிக்கும் பனடோல் போதும். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வலித்தால் மாத்திரையைக் கூட்டாமல் ஆளைக் காட்டுங்கள்.

டிஸ்பென்சரியில் நான் சிறுநீர் கேட்டால் இப்படிப் பிடியுங்கள். முதலில் அவ்விடத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். முதல் கொஞ்சத்தைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடியுங்கள். புட்டியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. பழைய ஜாம் புட்டி, சாஸ் புட்டி வேண்டாம், நான் கொடுக்கிற புட்டிதான். முடிந்தால் ஆண்டிபயாட்டிக் சாப்பிடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டாலும் தட்டில் கிருமி வளராமல் போகலாம். பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் சோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மத்தியானம் வரை மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் கிடந்த சிறுநீரில் எல்லாக் கிருமியும் பெருகி, இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டும்.

முடிவுத் தாளை வாங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து வராதீர்கள். கேட்டால் கொடுப்பார்கள். அந்த அம்மாள் எனக்கு ஒரு படி மேலே போய்விட்டார். மகன் அந்தத் தாளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறான், அசல் தாள் அடையாள அட்டையோடு ஒரே உறையில். இந்த வருடம் பொங்கல் கழிந்து அவருக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை. அக்கா வீட்டுக் காப்ஸ்யூலைத் தேடாமல், மறு நாள் காலையிலேயே டிஸ்பென்சரிக்கு வந்து சிறுநீர் கொடுத்தார். அதோடு தாளையும் நீட்டினார். நான் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கிளினிக் டாக்டர் அந்தத் தாளில் நைட்ரோஃபுரான்டோயினுக்கு நேரே ‘எஸ்’ என்று இருந்ததைப் பார்த்து, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தமும் பார்த்து, ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் அவர் பெரட்டுக்குப் போனார். இடுப்பில் கயிறு கட்டி ஒரு தண்ணீர்ப் புட்டி தொங்கியது.